ஆவடி வரும்வரை டீச்சர்

ரேவதி திருநின்றவூரில் ரயில் ஏறினால், பெண்கள் பெட்டியில் என் தூக்கம் போச்சு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். டீச்சராக ஆசைப்பட்டு, பி.எட். சேருவதற்குள் கல்யாணமாகிப் போனவள். அந்த ஆசையை, ஆவடிக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கா, வரலாறா, பூகோளமா, எதைக் கேட்டாலும் சொல்வாள். தெரியாததைக் கேட்டால்? "நல்ல கேள்வி" என்று ஆரம்பித்து, கண்ணாடியைத் துடைத்து, தண்ணீர் குடித்து, "அடடா, ஆவடி வந்துடுச்சு. மீதி நாளைக்கு" என்பாள். பிள்ளைகள் இறங்கியதும் செல்போனை எடுத்து அம்பத்தூர் வரை தேடுவாள். மறுநாள், பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி விளக்குவாள். எதிர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயைத் திறக்கமாட்டேன். கம்பெனியில் அவளுக்குப் பெயர் 'ஏம்மா'. இந்த ரயிலில் மட்டும்தான் டீச்சர். அந்தப் பெயர் போய்விடுமோ என்று அவளுக்கு எப்போதும் பயம்.

போன செவ்வாய்க்கிழமை, ஹிந்து காலேஜ் ஸ்டேஷன் தாண்டியதும் ஏழாவது படிக்கும் பவித்ரா கேட்டாள்.

"டீச்சர், காந்தத்த ரெண்டா ஒடச்சா, ரெண்டு துண்டுக்கும் வடக்கு, தெற்கு எப்படி வருது?"

"நல்ல கேள்வி," என்றாள் ரேவதி. கண்ணாடி துடைத்தாயிற்று. தண்ணீர் குடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து, சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றுவிட்டது. காந்தத்தைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னாள். பவித்ரா சாப்பிட்டாளா என்று விசாரித்தாள். ரயில் நகரவில்லை. பூ விற்கும் முத்தம்மாள் பொறுக்காமல், "இன்னா டீச்சர், வடக்கு எப்போ வரும்?" என்றாள். பெட்டியே சிரித்தது. எனக்கு முத்தம்மாளை ஓர் அறை விடலாம் போலிருந்தது.

ரேவதியின் முகம் செத்துப்போயிற்று. "தெரியாதும்மா," என்றாள்.

பவித்ரா நெருங்கி உட்கார்ந்தாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். நாங்க எறங்குனதும் நீங்க போன்ல தேடறத பிளாட்பாரத்துலேர்ந்து பாத்துகினுதான கீறோம். அதான் கஷ்டமான கேள்விய எல்லாம் ஆவடிகிட்ட வந்தப்புறம் கேக்கறது. இன்னிக்கு சிக்னல் கவுத்துடுச்சு."

ரேவதி கைப்பையிலிருந்து செல்போனை எடுத்து பவித்ராவின் மடியில் வைத்தாள். இரண்டு தலையும் அதற்குள் போய்விட்டன. ஆவடி வந்து ரயில் நின்றபோது, "இறங்குடி!" என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது.