பக்கத்து வயலில் கேட்ட இன்ஜின் சத்தம்

சென்ற ஆண்டு, குறுவை நெல்லுக்கு நாற்று விட்டிருந்த சமயம். நன்னிலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்து வீட்டில் நடந்தது இது.

கட்டட வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படங்களாக மாற்றுவது எனக்குத் தெரிந்த தொழில். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்த என்னை, வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்குச் சென்னை நிறுவனம் ஒன்று பரிசீலித்தது. ஒரே ஒரு தேர்வு. குறித்த நாளில் காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை, அவர்கள் என் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வீட்டின் முகப்பை முழுதாகச் செய்து காட்ட வேண்டும். எனக்கு வேலை கிடைத்தால், சிங்கப்பூரில் இருக்கும் கணவர் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் ஊருக்கு வந்துவிடுவதாகப் பேசி வைத்திருந்தோம். குழந்தையை அவர் அதுவரை போனில்தான் பார்த்திருந்தார்.

அவர் வாங்கி அனுப்பிய கேமிங் லேப்டாப்தான் பிரச்சினை செய்தது. காலையில் வேலையைத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் படம் திக்கித் திக்கி நகரும். பிறகு திரை இருண்டுவிடும். திரும்ப வந்தால், கிராபிக்ஸ் டிரைவர் நின்றுவிட்டது என்று ஒரு செய்தி நிற்கும். டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன். பழைய டிரைவரையும் போட்டுப் பார்த்தேன். சூடு ஏறுகிறதா என்று கவனித்தேன், ஏறவில்லை. கடைசியில் கும்பகோணத்தில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். அவர்கள் திறந்து, ஃபேனைச் சுத்தம் செய்து, ஒரு பெரிய கேமை மாலை வரை ஓடவிட்டார்கள்.

"கார்டு நல்லா இருக்கு மேடம். எங்ககிட்ட ஒரு தடவகூட நிக்கல. டாக்டர்கிட்ட வந்தா காய்ச்சல் இருக்காதுல்ல, அந்தக் கதைதான்" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை, வீட்டில் மறுபடியும் திரை இருண்டது.

அன்றுதான் திரையை விட்டு மற்றதைப் பார்த்தேன். முதலில் மின்விசிறியின் வேகம் குறைந்தது. அடுத்து இன்வெர்ட்டர் 'டக்' என்று மாறியது. அதன் பிறகு லேப்டாப் சார்ஜரின் விளக்கு மினுக்கியது. அதற்கும் பிறகுதான் படம் திக்கியது. கொல்லைப்புறத்தை ஒட்டிய வயலில் பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் கேட்கிற சத்தம் என்பதால் அது என் காதில் விழாமலே இருந்திருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். அந்த மோட்டார் ஓடினால் எங்கள் வீட்டில் வோல்டேஜ் இறங்கிவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும். எங்களுடைய பழைய இன்வெர்ட்டர் கொடுக்கும் கரண்டு இந்தச் சார்ஜருக்கு ஒத்துவரவில்லை. சார்ஜர் நின்று போனதும் லேப்டாப் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்துவிடுகிறது. இன்வெர்ட்டர் இல்லாமல் நேரடி லைனில் போட்டாலும் சார்ஜர் விளக்கு மினுக்கியது. தேர்வுக்கு முன் இடையில் ஒரே நாள்தான் இருந்தது. பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்த் தேர்வு எழுதவும் வழியில்லை.

பக்கத்து வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் குளியலறைத் தண்ணீர் அவர்கள் வைக்கோல் போருக்கு அடியில் போய் நிற்கிறது என்று தொடங்கிய சண்டை அது. என் மாமியாரும் அந்த வீட்டு அம்மாவும் ஒரே பஸ்ஸில் ஏறினால் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

"பரவாயில்லையே, எங்க வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிஞ்சுடுச்சே" என்றார் அந்த அம்மா. ஆனாலும் குழந்தையைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அவர் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பொம்மை போடுறதுக்கெல்லாமா பரீட்சை வைக்கிறான்?" என்றார்.

"பொம்மை இல்ல மாமா, வீடு."

"மும்முனை கரண்டு காலைல வர்றதுதான். அப்ப விட்டா எனக்கு எப்பத் தண்ணி? நிறுத்துனா நாத்து வாடும். உன் பொட்டி வாடுமா?"

"வேலை போயிடும் மாமா. உங்க பிள்ளை ஊருக்கு வர்றது தள்ளிப் போயிடும்."

என் கணவரை அவர் முன்பெல்லாம் 'என் பிள்ளை' என்றுதான் சொல்வாராம். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் மாமியார், "போயிட்டு வந்தாச்சா? தண்ணி மேல இருந்த கோவத்தக் கரண்டுல காட்டுவான், பாரு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

தேர்வன்று பத்து மணிக்கு உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து இருவர் திரையில் இருந்தார்கள். மும்முனை மின்சாரம் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. மோட்டார் சத்தம் இல்லை. சுவர்களை எழுப்பி, ஜன்னல்களை வைத்துக்கொண்டிருந்தபோது கொல்லைப்புறம் 'தட் தட் தட்' என்று அதிர்ந்தது. என் கை மவுஸில் அப்படியே நின்றது. சார்ஜரைப் பார்த்தேன். விளக்கு நிலையாக எரிந்தது. மின்விசிறி அதே வேகத்தில் சுற்றியது.

"பின்னாடி என்ன சத்தம்?" என்று திரையில் இருந்தவர் கேட்டார்.

"ஆயில் இன்ஜின் சார். பக்கத்து வயல்ல தண்ணி இறைக்கிறாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. மோட்டார் வருவதற்கு முன் அதே ஆழ்குழாய்க் கிணற்றில் இறைத்த டீசல் இன்ஜின் அது. மாட்டுக் கொட்டகையின் மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

என் வேலை முடியும்வரை அது ஓடியது. திரை ஒருமுறைகூட இருளவில்லை.

மதியம் நன்றி சொல்லப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "நான் என் நாத்துக்குத் தண்ணி விட்டேன். உனக்கு யாரு என்ன செஞ்சா?" என்றார்.

"ஆமா, நேத்தெல்லாம் அந்த இன்ஜினப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தது நான்தான்" என்றார் அவர் மனைவி, சோற்றைப் போட்டுக்கொண்டே. "ஹேண்டில் அடிச்ச கையால சோத்தப் பிசைய முடியல மனுசனுக்கு."

வேலை கிடைத்தது. கணவர் வந்துவிட்டார். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, குளியலறைத் தண்ணீரைக் குழாய் பதித்து எங்கள் தென்னைகளுக்குத் திருப்பியது. இரண்டாவது, புது இன்வெர்ட்டர். மாமியார் மட்டும் இன்னும் பஸ்ஸில் ஜன்னலைத்தான் பார்க்கிறார். ஆனால் குழந்தையை அந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அவர்தான்.

இப்போது மோட்டார் எந்நேரம் ஓடினாலும் என் திரை அணைவதில்லை. ஆனாலும் காலையில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், எதுவும் சொல்லாமல் மண்வெட்டியோடு எழுந்து போன ஒருவரின் மௌனத்தை அன்று நான் மறுப்பு என்று எடுத்துக்கொண்டது நினைவுக்கு வருகிறது.