கேப்டன் கடைசியில்தான் உட்கார வேண்டும்

எங்கள் பள்ளிக் கபடிப் பெண்களுக்கு ஒரு வாரமாக வகுப்பெடுத்தேன். பெரிய அணிகளில் கேப்டன் கடைசியில்தான் சாப்பிடுவார், கடைசியில்தான் உட்காருவார், அதுதான் மரியாதை என்று.

இன்று சேந்தமங்கலத்தில் மேட்ச். கொல்லிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. கேப்டன் செல்வி, கிடைத்த சீட்டையெல்லாம் மற்ற பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கையில் கம்பியும் மறுகையில் மோந்து பார்க்க எலுமிச்சம்பழமுமாக நின்றாள்.

முப்பது வளைவு தாண்டியதும் அவள் முகம் வெளுத்தது. எங்களிடம் இருக்கும் ஒரே நல்ல ரைடர் அவள்தான்.

"உக்காரு கண்ணு" என்றேன்.

"எல்லாரும் உக்காந்தப்புறந்தானுங்க சார். நீங்கதானே சொன்னீங்க."

"அதான் எல்லாரும் உக்காந்தாச்சே."

"ஆமாங்க சார். இப்ப சீட்டு இல்லீங்களே."

நான் ஜன்னலோரம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

எழுந்துகொண்டேன். மீதி நாற்பது வளைவும் எனக்கு.

அவள் இப்போது மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கிறாள், இன்னும் முகம் தெளியவில்லை. நான் வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அரைமணியில் மேட்ச்.

தலைசுற்றல் நிற்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் வேண்டாம். கேப்டன் ஏற்கெனவே கொடுத்துவிட்டுப் போனாள்.