பாத்தி நிரம்பினால் தகரம் தட்டு

முதலில் மன்னிப்பு. இதை வாசிக்கப்போகும் தாய்மாரும் தகப்பன்மாரும் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதன் பிறகு இடம்பெயர்வு, அதற்குப் பிறகு தோட்டம். பேனாவை விட மண்வெட்டியைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். எழுத்துப் பிழை நிறைய இருக்கும், திருத்தி வாசியுங்கள். பயிற்சிக்கு வரும் புதிய பெற்றோருக்கு நாலு வார்த்தை பேசும்படி பயிற்சி நிலையத்து ரீச்சர் கேட்டார். நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவ்வளவு சந்தோசம்! அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரேயொரு மகள். ஒன்பது வயது. காது நன்றாகக் கேட்கும், சொல்வதும் விளங்கும், பேச்சு மட்டும் வரவில்லை. போன வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்து விசேட கல்வி அலகில் சேர்த்தோம். மூன்றாம் நாள் போன் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், பிள்ளை கதிரையிலேயே சலம் போய், நனைந்த சட்டையோடு விறைத்துப்போய் அழுதுகொண்டிருந்தாள். அங்கே பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ரீச்சர். அவர் கோபிக்கவில்லை.

"ஐயா, அவ கதைக்கத் தேவையில்லை. கக்கூசுக்குப் போகவேணும் எண்டதை ஏதோ ஒரு விதத்திலை எனக்குக் காட்டினாக் காணும். அதுக்குப் பழக்கிக் கொண்டு வாங்கோ, நான் எடுக்கிறன்."

காட்டினால் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் வீடு. அவ்வளவுதான் விசயம்.

மருதனார்மடத்தடியில் ஒரு நிலையத்தில் சனிக்கிழமைகளில் இப்படியான பிள்ளைகளின் பெற்றோருக்குப் பயிற்சி நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மனைவிக்குச் சனிக்கிழமையும் தையல் வேலை. நான் எப்படியும் சந்தைக்கு மரக்கறி கொண்டு போகிறவன். "நீங்களே போட்டு வாங்கோவன்" என்றாள். போனேன். வாசலில் கழற்றியிருந்த செருப்புகளைப் பார்த்ததும் திரும்பிவிட நினைத்தேன். எல்லாம் பெண்களின் செருப்பு. உள்ளே பதினைந்து தாய்மார், ஆம்பிளை நான் ஒருவன். கட்டியிருந்த சாரத்தில் பீற்றூட் சாயம் வேறு.

கடைசிக் கதிரையில் ஒளித்திருந்த என்னையே நிலையத்து ரீச்சர் முன்னுக்குக் கூப்பிட்டார். இளம் பிள்ளை, கலகலப்பானவர். ஒருவர் பிள்ளையாக நடிக்க வேண்டும், மற்றவர் தாயாக. பிள்ளை வாய் திறக்கக்கூடாது. பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று ரீச்சர் காதுக்குள் சொல்வார். எனக்குச் சொன்னது: தேத்தண்ணி.

"அண்ணைக்கு நடிக்கத் தேவையில்லை, வந்ததிலயிருந்து வாய் திறக்கேல்லை" என்று ஒரு அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குத் தாயாக வந்த அக்கா ஒரு விசுக்கோத்தை நீட்டினார். நான் வாங்கிச் சாப்பிட்டேன். இன்னொன்று தந்தார். அதையும் சாப்பிட்டேன். தேத்தண்ணிக் கோப்பை பக்கத்து மேசையில் ஆவி பறக்க இருந்தது. கை நீட்ட வெட்கம். நாலு விசுக்கோத்து உள்ளே போய்விட்டது.

"அண்ணை, உங்களுக்கு வேண்டியது தேத்தண்ணி. பிறகேன் விசுக்கோத்துச் சாப்பிட்டனீங்கள்?"

"தந்தவ... அதுதான்."

"பசிச்சதோ?"

"இல்லை. சந்தையடியில சாப்பிட்டிட்டு வந்தனான்."

மண்டபமே சிரித்தது. ஆனால் ரீச்சர் கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "உங்கடை பிள்ளையளும் இப்பிடித்தான். நாங்கள் குடுக்கிறதை வாங்கிக்கொண்டு இருப்பினம். வேண்டியதைக் கேக்க நாங்கள் விடுறேல்லை."

எனக்குத் தலையில் குட்டு விழுந்தது போல இருந்தது! என் மகள் சட்டை விளிம்பைச் சுருட்டினால் கக்கூஸ். காலால் தரையைத் தேய்த்தால் பசி. அவள் கேட்கும் முன்பே நான் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன். வாய் பேசாத இரண்டு பேர் ஒரு சொல் இல்லாமல் சீவிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்து ரீச்சருக்குச் சட்டை விளிம்பைப் பற்றி என்ன தெரியும்?

"கேக்க முதல் குடுக்காதேங்கோ" என்றார் நிலையத்து ரீச்சர். "பத்து எண்ணுங்கோ. அவைக்கு விருப்பமான ஒண்டிலை துவங்குங்கோ. உங்கடை பிள்ளைக்கு என்ன விருப்பம் அண்ணை?"

"தண்ணி" என்றேன். அது மட்டும் யோசிக்காமல் வந்தது.

எங்களுக்கு வெங்காயத் தோட்டம். இறைப்பு நாளில் தண்ணீர் இறைக்கும் மிசினைப் போட்டுவிட்டு, வாய்க்காலை மண்வெட்டியால் வெட்டியும் மறித்தும் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பி மாறுவேன். மகள் பாத்தியின் கடைசியில் வெறுங்காலோடு நிற்பாள். தண்ணீர் வந்து காலைத் தொட்டதும் துள்ளுவாள். பிறகு அடுத்த பாத்திக்கு ஓடிப்போய் நிற்பாள். மிசின் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. அதனால் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தைக் கல்லில் கவிழ்த்து வைத்து, கையில் ஒரு தடியைக் கொடுத்தேன். தண்ணீர் காலுக்கு வந்தால் தகரத்தைத் தட்ட வேண்டும். தட்டினால்தான் அப்பா அடுத்த பாத்திக்கு மாறுவார். முதல் நாள் கையைப் பிடித்துத் தட்டிக் காட்டினேன்.

இரண்டாம் நாள் கையை விட்டேன். தண்ணீர் காலுக்கு வந்தது. துள்ளினாள். அடுத்த பாத்திக்கு ஓடினாள். தண்ணீர் வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தேன். பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். வெங்காயத்தாள் பாதிக்கு மூழ்கிவிட்டது. வரம்பு கரைந்து தண்ணீர் வேலிக்கு வெளியே ஒழுங்கைப் பாதைக்குப் போனது.

பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு மேலாலே எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, வெங்காயத்துக்குள்ளை நெல்லும் நாட்டப் போறியளோ?"

வீட்டில் அதைவிட மோசம். "இஞ்சாருங்கோ, ஒரு பாத்தி அழுகிப்போச்செண்டால் ஆர் பொறுப்பு? பிள்ளையும் அழுதுகொண்டு வந்திருக்கிறா" என்றாள் மனைவி.

"ஒரு கிழமை பொறும்" என்றேன். அவளை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல்தடவை என்று நினைக்கிறேன். அவளும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மூன்றாம் இறைப்பு. தண்ணீர் காலைத் தொட்டது. அடுத்த பாத்திக்கு ஓடியவள் நின்றாள். திரும்பி வந்தாள். தடியை எடுத்தாள். டங், டங், டங்! நான் வெட்டிய வெட்டில் சேறு என் வாய்க்குள்ளேயே தெறித்தது. தண்ணீர் பாய்ந்தது. அவளும் பாய்ந்தாள். அன்றைக்கு முப்பது பாத்திக்கும் அவள்தான் மேலதிகாரி. நான் ஒரு கணம் பிந்தினால் இன்னும் பலமாகத் தட்டினாள்!

அதன் பிறகுதான் படம். கக்கூசுக் கதவைப் போனில் படம் பிடித்து, மட்டையில் ஒட்டி, அவள் சட்டையில் ஊசி குத்தித் தொங்கவிட நிலையத்து ரீச்சர் பழக்கினார். அந்தப் படத்தைக் கழற்றி எங்கள் கையில் தந்தால் உடனே கூட்டிக்கொண்டு போவோம். சட்டை விளிம்பு சுருண்டால் நானும் மனைவியும் கூரை முகட்டைப் பார்ப்போம். இரண்டு தரம் நனைந்தாள். மூன்று தரம் நனைந்தாள். பிறகு தந்தாள். என்னிடம் தந்தாள், தாயிடம் தந்தாள். பிறத்தியாரிடம் தருவாளா? அதுதான் தெரியவில்லை.

ஆவணி விடுமுறை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் இருத்திப் பார்க்கச் சம்மதித்தார்கள். நிலையத்து ரீச்சரும் என்னோடு வந்தார். எங்களை முற்றத்து வேம்புக்குக் கீழே இருக்கச் சொன்னார்கள். அங்கிருந்து பார்த்தால் வகுப்பு யன்னலுக்குள்ளால் மகளும் அவளின் மேசையும் நன்றாகத் தெரியும்.

பத்து மணி இருக்கும். சட்டை விளிம்பு சுருளத் தொடங்கியது. நான் எழும்பிவிட்டேன்.

"அண்ணை, இருங்கோ."

"ரீச்சர், அவவுக்கு வருகுது."

"தெரியும். இருந்து எண்ணுங்கோ."

வகுப்பு ரீச்சர் இன்னொரு பிள்ளைக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் படத்தைக் கழற்றினாள். போய் அவருக்குப் பின்னால் நின்று நீட்டினாள். அவர் அதைக் காணவில்லை. மகள் நீட்டியபடியே நின்றாள். நான் ஏழு வரை எண்ணி, மறந்து, திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்கினேன். அவள் யன்னலால் என்னைப் பார்த்தாள். நான் எழும்பி வருவேன் என்றுதான் பார்த்திருப்பாள். என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன். இனி அழப்போகிறாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் மேசையில் கிடந்த, கோடு போடும் அடிமட்டத்தை எடுத்தாள்.

டங், டங், டங்!

மேசையில் அப்படி ஒரு அடி! பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் எட்டிப் பார்த்தார்கள். ரீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் முகத்துக்கு நேரே படம். ஒரு நொடி பார்த்தார். உடனே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். எங்களைத் தாண்டித்தான் போனார்கள். என் மகள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, அவ்வளவு அவசரம்.

திரும்பி வந்தபோது சட்டை காய்ந்தபடியே இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. "எங்கடை பிள்ளை! எங்கடை பிள்ளை!" என்று கத்தினேனாம். அதிபர் வெளியே வந்து, "ஐயா, அங்காலை சோதினை நடக்குது, மெல்லமாச் சந்தோசப்படுங்கோ" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வகுப்பு ரீச்சர் வாசலில் நின்று, "திங்கக்கிழமையில இருந்து விடுங்கோ. அடிமட்டத்தை மட்டும் நான் எடுத்து வைக்கிறன், ஒரு மணி வாங்கிக் குடுக்கிறன்" என்றார்.

இப்போது ஆறு கிழமையாகப் போகிறாள். இரண்டு நாள் நனைந்து வந்தாள். அதற்காக யாரும் போனில் என்னைக் கூப்பிடவில்லை, மாற்றுச் சட்டை பையில் இருக்கிறது. மேசையில் சின்ன மணி இருக்கிறது. படமும் ஒன்றல்ல, நாலு. தண்ணீர்ப் படம்தான் அதிகம் கசங்கியிருக்கிறது.

புதிதாக வரும் தகப்பன்மாருக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கடைசிக் கதிரையில் நான் இருப்பேன், பக்கத்தில் இடம் இருக்கும்.

மழை தொடங்கிவிட்டது, இனிக் கொஞ்ச நாளுக்கு இறைப்பு இல்லை. நேற்றுப் பின்னேரம் முற்றத்து வெள்ளம் காலுக்கு வந்ததும் மகள் ஓடிப்போய்த் தகரத்தை எடுத்துத் தட்டினாள். மழை அடுத்த பாத்திக்கு மாறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினாள். குடையோடு மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். வேறு என்ன செய்ய?

மூன்று தரம் எழுதிக் கிழித்து, நாலாம் தரம் எழுதி முடித்தது: ஐப்பசி மாதம் பன்னிரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.