சேவியரின் விரலும் என் மெழுகும்

என் மைத்துனன் சேவியரின் விரலைச் செத்த விரலாக்கியவன் நான். பட்டறை இயந்திரம் அல்ல... நான்!

இந்த ஒரு வரியை எழுத எனக்கு வருடக்கணக்கில் மனம் துணியவில்லை. ஜெபமாலை சொல்லி முடித்ததும் பேனாவை எடுப்பேன். 'நாளைக்கு' என்று வைத்துவிடுவேன். இன்று வைக்கப்போவதில்லை. நீங்கள் யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. கேளுங்கள்.

நான் அதிகம் படித்தவனில்லை. பெங்களூர் நீலசந்திராவில் குடித்தனம். மரச்சாமான் பட்டறையில் பாலீஷ் வேலை. ஞாயிறு பூசை தவறியதில்லை, வெள்ளிக்கிழமை கறி தொட்டதில்லை. என்னைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பெங்களூரில் யாருக்கும் நான் சளைத்தவனல்லன். மேசைக் கால்பந்து!

கம்பியைப் பிடித்துச் சுழற்றும் பெட்டி விளையாட்டை நினைத்துவிடாதீர்கள். இது வேறு. மேசைமேல் பச்சைத் துணி விரிப்போம். கட்டைவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் ஆட்டக்காரர்கள். ஒவ்வொருவனும் ஒரு வட்டமான அடித்தட்டின்மேல் நிற்பான். அதை நாங்கள் பேஸ் என்போம். ஆள்காட்டி விரல் நகத்தால் அந்த பேஸைச் சுண்ட வேண்டும். ஆள் வழுக்கிப் போய்ப் பந்தைத் தட்டுவான். தள்ளக்கூடாது, சுண்டல் மட்டும்தான். எங்கள் பங்குக் கோவில் மண்டபத்தில் ஞாயிறு மதியம் இதே வேலை. கேரம்போர்டை ஓரங்கட்டிவிட்டுத் துணியை விரித்துவிடுவோம்.

ஆளின் சட்டை நிறத்தையும் முகத்தையும் பார்த்து வாங்குகிறவன் தோற்பான். பேஸைப் பார்த்து வாங்குகிறவன்தான் ஜெயிப்பான். இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

தட்டை பேஸ் உண்டு. நேராக, தூரமாகப் போகும். ஆனால் அதற்கு அடியில் மெழுகு வேண்டும். மெழுகு தேய்ந்துவிட்டால் விரலில் முரட்டு பலம் வேண்டும். உயர பேஸ் உண்டு. கிண்ணத்தைக் கவிழ்த்தது போலிருக்கும். அது தூரம் போகாது. ஆனால் மெல்லிய விரல் அதன் ஓரத்தில் பட்டால் போதும், எதிராளியைச் சுற்றி வளைந்து போய்ப் பந்தைத் தொடும். பலமான விரலுக்குத் தட்டை. மென்மையான விரலுக்கு உயரம். மண்டபத்தில் எவன் புது பேஸ் வாங்கினாலும் என்னிடம் காட்டாமல் ஆட மாட்டான். நான் சொன்னால் அது வேதவாக்கு!

அந்தப் பெயரைத்தான் நான் விற்றுத் தின்றேன்...

சேவியர் என் மனைவி ஜெயமேரியின் தம்பி. கோவில் பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவன். பீனியா பக்கம் ஒரு பட்டறையில் இரும்புத் தகடு அழுத்தும் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் அந்த பிரஸ் அவன் வலது ஆள்காட்டி விரலை நசுக்கிவிட்டது. விரல் தப்பியது, நுனியில் உணர்ச்சி போய்விட்டது. டாக்டர் விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார். அவன் கிதாரை எடுக்கப் பயந்தான். பேஸைத்தான் எடுத்தான்.

முதலில் பரிதாபமாக இருந்தது. சுண்டினால் ஆள் அங்கேயே குப்புற விழுவான். நான்தான் உயர பேஸ் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் என் கைதான், மறுக்கவில்லை. மெல்ல மெல்ல ஆள் நகர்ந்தான்... வளைந்தான்... கோல் விழுந்தது! விரல் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிறு பூசையில் கிதாரையும் தொட்டான். ஜெயமேரி அழுதுவிட்டாள்.

பிறகு அவன் என்னை ஜெயிக்க ஆரம்பித்தான்.

ஒருநாள் என் ஆட்களைச் சுற்றி வளைத்து அவன் கோல் போட்டதும், எங்களோடு ஆடும் மஞ்சுநாத் மேசையைத் தட்டிக் கத்தினான். "சக்கத் குரு, சூப்பர்! லூர்து அண்ணா, நசுங்கின விரலே உங்களுக்கு இந்த ஆட்டம் காட்டுதே, நல்லா இருந்திருந்தா இன்னா ஆயிருப்பீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது! நானே வாங்கிக் கொடுத்த பேஸ். நானே தேற்றிய விரல். நன்றி வேண்டாம் என்று சொல்லுகிற நாக்கு, தோல்வியை மட்டும் ஏன் விழுங்க மறுக்கிறது?

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு போட்டி வந்தது. எங்கள் மண்டபத்திலிருந்து ஒருவன்தான் போகலாம். கடைசி ஆட்டம் எனக்கும் சேவியருக்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். ஜெயமேரி அடுப்படியில் இருந்தாள்.

"மாமா, பெரிய ஆட்டமாச்சே. தட்டை பேஸ் போடலாமா, உயரமா? நீங்க சொல்றதுதான்."

எதிராளியிடமே வந்து கேட்கிறான், பாருங்கள். அவன் கண்ணில் நான் எதிராளி இல்லை... மாமா!

"நான் சொல்ல மாட்டேன்டா. ரெண்டையும் துணிமேல வெச்சு சுண்டிப் பாரு. உன் விரலே சொல்லட்டும்."

இந்த வார்த்தை எவ்வளவு நியாயமாக இருக்கிறது! அவன் வருவான் என்று தெரிந்து, மத்தியானமே நான் வேலையை முடித்து வைத்திருந்தேன். அவன் பேஸ்களும் மெழுகு போட என்னிடம்தான் இருக்கும். தட்டை பேஸ்களின் அடியில் பட்டறை மெழுகை மூன்று கை பூசி, கண்ணாடி போலத் தேய்த்திருந்தேன். உயர பேஸ்களின் அடியில் இருந்த மெழுகை வெந்நீரில் நனைத்த துணியால் ஒட்டத் துடைத்திருந்தேன். ஒரு வாசனையும் இல்லை. பாலீஷ்காரன் கை அல்லவா!

அவன் சுண்டினான். தட்டை பேஸ் மேசையின் மறுகோடி வரை பறந்தது. உயர பேஸ் பாதியிலேயே நின்றது. மறுபடி சுண்டினான். அதேதான்.

"மாமா! பாத்தீங்களா? விரலுக்கு பலம் வந்திருச்சு! அக்கா, இங்க வந்து பாரேன்!"

ஜெயமேரி கரண்டியோடு வந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன். அந்தக் கையாலேயே!

எங்கள் மண்டபத்தில் ஒரு வழக்கம். ஆட்டம் தொடங்கிவிட்டால் பேஸில் யாரும் மெழுகு தொடக்கூடாது. நான் பூசிய மெழுகு எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். சேவியர் தட்டை பேஸ்தான் போட்டான், முதல் பாதியில் முன்னிலையில் இருந்தான். இரண்டாம் பாதியில் மெழுகு தேய்ந்தது. அவன் சுண்டுகிறான், ஆள் பாதிவழியில் நிற்கிறான். இன்னும் பலமாகச் சுண்டுகிறான், ஆள் விழுகிறான். நான் கோல்மேல் கோல் போட்டேன்.

அவன் பேஸைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்...

"அவ்ளோதான் மாமா. கொஞ்ச நேரம் தாங்குது, அப்புறம் செத்துடுது. வேலைக்கு ஆவாது."

சென்னைக்குப் போனேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். அது தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். எதிரே ஆடிய சென்னைக்காரன் என்னைவிட நன்றாக ஆடினான், தோற்றேன்.

உண்மையான தண்டனை ஞாயிறுதோறும் நடக்கிறது. சேவியர் கிதாரை விற்றுவிட்டான். மண்டபத்துக்கு வருவதில்லை. இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டான். அசைகிற விரலை மடக்கி வைத்துக்கொண்டே இருக்கிறான்! பாடகர் குழு பாடும்போது காணிக்கைப் பாட்டில் ஒரு இடம் வரும். அங்கே அவன் கிதார் தனியாக ஒலிக்கும். இப்போது அந்த இடத்தில் அமைதிதான். மற்றவர்களுக்கு அது கேட்பதில்லை. எனக்குக் கேட்கிறது.

பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்பீர்கள். செய்தேன். "பொறாமைப்பட்டேன் சாமி" என்றேன். ஃபாதர் சில ஜெபங்கள் கொடுத்தார். மெழுகைச் சொல்லவில்லை. ஆண்டவரிடமே பாவத்தை மூடிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தவன் நான்.

போன தவக்காலத்தில் துணிந்து சேவியர் வீட்டுக்குப் போனேன். ஆனால் எப்படித் தொடங்கினேன் தெரியுமா? "நீ மனசு விட்றாதடா, உன் விரல் நல்லாத்தான் இருக்கு..." என்று தொடங்கினேன். அதன்பிறகுதான் மெழுகைச் சொன்னேன்.

அவன் சிரித்தான். "அக்கா அனுப்பிச்சாளா? என்னைத் திரும்ப கிதார் எடுக்க வைக்க நீங்க உங்க பேரையே கெடுத்துக்கிறீங்க பாருங்க... உங்களை மாதிரி மாமா யாருக்குக் கிடைக்கும்?"

"சத்தியமாடா..."

"விடுங்க மாமா. நீங்க சொல்லியா தட்டை போட்டேன்? என் விரல்லதானே சுண்டிப் பாத்தேன். என் விரல் எனக்குத் தெரியாதா?"

உயர பேஸ்களைப் பையில் கொண்டுபோயிருந்தேன். "ஒரே ஒரு தடவை சுண்டிப் பாரு" என்று மேசைமேல் வைத்தேன். அவன் கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

அங்கேயே நான் உட்கார்ந்து அடம்பிடித்திருக்க வேண்டும். சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் நம்பவில்லை என்றதும் என் நெஞ்சு லேசானது! அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. டீ குடித்தேன். நல்லவனாகவே வீடு திரும்பினேன். ஜெயமேரிக்கும் இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால்தான் தெரியும்.

அந்த உயர பேஸ்கள் எங்கள் வீட்டு மாதா படத்துக்குக் கீழே ஒரு டப்பாவில் இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் எடுத்து, அளவாக மெழுகு தடவி, துடைத்து வைக்கிறேன். இன்றைக்கு அவன் வந்து சுண்டினாலும் வளையும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் எனக்கு மன்னிப்பு சொல்ல வேண்டாம். அது உங்களிடம் இல்லை. இதை யாரிடமாவது சொல்வதானால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். முன்னால் "பாவம், நல்ல மனுஷன்" என்று சேர்க்காதீர்கள். சர்க்கரை தடவிச் சொன்னதால்தான் அவன் நம்பவில்லை. வாய் மாறி வாய் மாறி அது ஒருநாள் அவன் காதுக்குப் போகும்போது, ஒரு சொல் கூடாமல் குறையாமல் இப்படிப் போக வேண்டும்:

சேவியர், உன் விரல் பொய் சொல்லவில்லை. மெழுகு பூசியவன் லூர்து. நீ ஜெயிப்பதைப் பொறுக்காமல் பூசினான்.