காலிக் கட்டங்கள்

மலையில் பெய்யும் மழையைச் சேர்த்து வைப்பது என் வேலை. போடியில் ஒரு மாடியறை, ஒரு கணினி. மேலே ஏலத்தோட்டங்களில் மழைமானியைப் பார்ப்பவர்கள் தினமும் காலையில் அளவைப் போனில் அனுப்புவார்கள். அது பல வருட அளவுகளோடு சேர்ந்து, எங்கே மண் சரியலாம் என்று வரைபடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும்; சிவப்பு என்றால் ஆபத்து.

ஆடி மாதம் ஒரு காலை, சித்தி கூப்பிட்டார். தினமும் ஜீப்பில் மலைக்குப் போய் ஏலக்காய் எடுப்பவர்.

"ஆத்தா, மேல மழை எப்படி? போகலாமா?"

அவர் போகும் தோட்டம் வரைபடத்தில் பச்சையாக இருந்தது. "ஒண்ணுமில்ல சித்தி, போங்க," என்றேன்.

பத்து மணிக்கு அதே தோட்டத்தில் மழை அளப்பவர் பேசினார். "ரெண்டு நாளா அளவு அனுப்பல, கோவிச்சுக்கிறாதீங்க. மானி ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கு. தண்ணி இடுப்புக்கு மேல போகுது, தாண்ட முடியல."

"ஜீப்பு வந்துருச்சாண்ணே?"

"இன்னும் காணலயே."

அந்தத் தோட்டத்தின் கட்டங்களைத் திறந்து பார்த்தேன். அளவு வராத நாள் என் கணினியில் பூஜ்யம். கட்டம் காலியாக இருந்தால் கணக்கு பாதியில் நின்றுவிடும். அந்த எரிச்சலில், காலியைப் பூஜ்யமாக்கும் விதியை எழுதியது நான்தான். எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது. பழைய வருடங்களைத் திறந்தேன். ஒவ்வோர் ஆடியிலும் பெருமழைக்கு நடுவே இரண்டு மூன்று பூஜ்யங்கள். யாரும் அளக்கப் போக முடியாதபடி கொட்டிய நாட்களைத்தான் மழையே இல்லாத நாட்களாக வைத்திருந்தேன்.

சித்தியின் போன் கிடைக்கவில்லை. வழியில் சிக்னல் இருக்காது என்று தெரிந்தும் அழைத்துக்கொண்டே இருந்தேன். அந்த ஜீப்பில் பதினான்கு பெண்கள். என் பேச்சை நம்பி ஏறியவர்கள்.

மதியத்துக்கு மேல் அவரே கூப்பிட்டார். தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் கண்ணெதிரே மண் சரிந்ததாம். டிரைவர் பின்னாலேயே எடுத்துவந்து திருப்பினாராம்.

"கொஞ்சம் வெரசாப் போயிருந்தா அடியில கெடந்திருப்போம்," என்று சிரித்தார். நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது. போனை வைத்துவிட்டு விதியை அழித்தேன்.

மறுநாள் காலை சித்தி மறுபடி கேட்டார், வேறு தோட்டத்துக்குப் போகலாமா என்று. அந்தக் கட்டமும் காலியாக இருந்தது.

"தெரியல சித்தி. போகாதீங்க."



"அப்ப நேத்து மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றார்.