கயிற்றடியில் ஒரு சட்டிச் சோறு

வானொலி சமாதானம் என்று சொன்னால் ஜல்லா தன் பஸ்ஸுக்கு டீசல் ஊற்றுவான். யமுசுக்ரோவில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது ஊற்றினான். கொட்டோனூவில் போட்டபோதும் ஊற்றினான். ககாட்டா ஊரைத் தாண்டி, ஆயுதக் குழு ஒன்று சாலைக்குக் குறுக்கே கட்டிய கயிறு இரண்டு தடவையும் அவனைத் திருப்பி அனுப்பியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி நோவாய். தாயைப் பார்க்கப் போன இடத்தில் போரில் மாட்டிக்கொண்டவள்.

இப்போது அபூஜாவில் இன்னொரு கையெழுத்து. நேற்றுவரை ஊரைக் கொளுத்திய குழுத் தலைவர்கள் தலைநகர் மன்ரோவியாவில் கோட்டு மாட்டிக்கொண்டு இடைக்கால அரசாகப் பதவியேற்றார்கள். ஜல்லா, கயிறு தாண்டி வியாபாரம் செய்ய அனுமதியுள்ள சந்தைப் பெண்களிடம் நோவாய்க்குச் சேதி சொல்லியனுப்பிவிட்டு மறுபடி கிளம்பினான். நோவாய் சட்டியோடு கயிற்றடியில் காத்திருந்தாள்.

கயிற்றின் நுனி அந்தக் குழுவின் காவலாளி சாயேயின் கையில் இருந்தது.

"இறக்கு தம்பி. உங்க தலைவருக்குத்தான் நாற்காலி கிடைச்சிருச்சே" என்றான் ஜல்லா.

"நாற்காலி கிடைச்சுது, பெரியவரே. கேட்ட துறை கிடைக்கல. எங்க ஆளுங்களை வெளிய விடக்கூடாதுன்னு உத்தரவு."

"நான் எப்படா உங்க ஆளானேன்?" என்றாள் நோவாய். "வருஷக்கணக்கா உங்களுக்குப் பொங்கிப் போட்டதுக்கு என்னையும் கட்சியில சேத்துட்டீங்களா?"

"வாயைக் கொஞ்சம் அடக்குக்கா. இருந்து பேசிட்டுப் போங்க."

பேச என்ன இருக்கிறது? அவள் சட்டியைத் திறந்தாள். சோறு, மரவள்ளி இலைக் குழம்பு, மேலே செம்பனை எண்ணெய். கயிற்றின் இரு பக்கமும் இருவரும் குந்தினார்கள். முதல் கவளத்தை எடுத்ததும், பழக்க தோஷத்தில், "வா, சாப்பிடலாம்" என்றான் ஜல்லா. சாப்பிடுகிறவன் பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிடாமல் இருக்கமாட்டான், அந்த ஊரில். சொன்ன பிறகுதான் யாரைக் கூப்பிட்டோம் என்று உறைத்தது.

"இவனையா கூப்பிடறே?" நோவாய் முறைத்தாள்.

சாயேக்குச் சம்பளம் கிடையாது. காலையிலிருந்து வயிறு காய்ந்திருந்தது. பிறர் சட்டியில் இடது கையை விடமுடியாது. வலது கையில் கயிறு. அதைத் தரையில் போட்டான்.

அவன் இரண்டாவது கவளம் எடுக்கையில் நோவாய் எழுந்து கயிற்றைத் தாண்டினாள். சாயேயின் கை நின்றது. துப்பாக்கி தோளில் தொங்கியது. வாயில் அவள் சோறு.

"சட்டி காலியாகற வரைக்கும் நான் குனிஞ்சுதான் சாப்பிடுவேன்," என்றான். "பெரியவரே, வண்டியை எடுங்க."

"சட்டி?" என்றாள் நோவாய்.

"போக்கா."

அடுத்த ஏப்ரலில் அந்தக் கோட்டுக்காரர்களே மன்ரோவியாவில் தெருத்தெருவாக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஜல்லாவும் நோவாயும் பஸ்ஸை விட்டுவிட்டு ஓடினார்கள். இந்தத் தடவை ஒரே பக்கமாக.