அலைகாட்டும் பெட்டியும் அரிசிச் சாக்கும்

மலாயாவில், மம்பாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் இன்ஜின் அறையைப் பார்த்துக்கொண்டவர் வீரமுத்து. வேலை முடிந்தால் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பிரித்ததையெல்லாம் திரும்பப் பூட்டினாரா என்று மட்டும் கேட்கக்கூடாது. 1956-இல், சிரம்பானில் பழைய சாமான் கடையொன்றுக்கு ராணுவம் கழித்துப்போட்ட ஆசிலாஸ்கோப் வந்திருப்பதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மின்சாரத்தின் துடிப்பைக் கண்ணாடியில் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி அது.

ஆசை இருந்த அளவுக்குப் பயமும் இருந்தது. அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் செய்தி அனுப்பும் கருவி என்று போலீஸ் நினைத்துவிட்டால் விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளிவிடுவார்கள். தோட்டத்துத் துரையிடம் கெஞ்சி ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டார். கண்ணாடி உடையாமல் சுற்றிக் கொண்டுவர, மனைவி பஞ்சாலை ஒரு சாக்கை உதறி மடித்துக் கொடுத்தாள்.

பெட்டியோடு திரும்பும்போது பஸ் சோதனைச் சாவடியில் நின்றது. மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் பெட்டியைத் தட்டினார், குமிழ்களைத் திருகினார், கடிதத்தை இரண்டு முறை படித்தார். கடைசியில் போகச் சொல்லிக் கைகாட்டினார். வீரமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் சாவடியில் நின்ற அதே தோட்டத்துக் காவலன் மாயாண்டி, பெட்டியிலிருந்து அவிழ்த்த சாக்கை எடுத்து உதறினான். தையல் மூலையிலிருந்து அரிசி உதிர்ந்தது. ஒரு கைப்பிடிகூட இருக்காது.

காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, தோட்டத்துக்குள் அரிசி போகக்கூடாது. பொதுச் சமையலறையில் வெந்த சோறுதான். மீறினால் ஜெயில், அப்புறம் இந்தியாவுக்குக் கப்பல். பெட்டியை நினைத்தே பயந்து பயந்து, அது முன்பு அரிசி வந்த சாக்கு என்று மனுஷன் பார்க்கவே இல்லை.

"பழைய சாக்கு லா தம்பி. சத்தியமா எனக்குத் தெரியாது."

சார்ஜன் மலாயில் ஏதோ சொன்னார். மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"துவான் திங்கச் சொல்றாருண்ணே. ஒண்ணு விடாம."

பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்தது. வீரமுத்து முழங்காலிட்டு, மண்ணோடு பொறுக்கி மென்றார். அவமானமெல்லாம் பிறகுதான் வந்தது. அந்த நேரம் பயம் மட்டும்தான்.

"கண்ணாடி ஒடையலயே?" என்று வாசலிலேயே கேட்டாள் பஞ்சாலை. அவர் நேராகப் போய்ச் சாக்கை அடுப்பில் திணித்தார். நடந்ததைச் சொன்னார்.

"நல்லா உதறித்தானே குடுத்தேன்," என்றாள் அவள்.

பிறகு வீட்டிலிருந்த மற்றச் சாக்குகளையெல்லாம் இழுத்துப்போட்டாள். இரண்டு பேரும் உட்கார்ந்து, தையல் தையலாகப் பிரித்து அரிசி தேடினார்கள். எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கிற வீரமுத்து, அன்றைக்கு அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை.